சென்னை புறம்போக்குப் பாடல்

சென்னை புறம்போக்குப் பாடல் என்பது எண்ணூர் கழிமுகத்தின் சூழல் சீர்கேட்டைப் பொருளாகக் கொண்ட ஒரு தமிழ்ப் பாடல் ஆகும். தனி இசைக் கலைஞரும் பாடலாசிரியருமான கபேர் வாசுகி இதனை எழுதினார். ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடினார். ரதீந்திரன் பிரசாத் இயக்கிய இதன் நிகழ்படம் 2017 ஜனவரியில் பொங்கலையொட்டி யூடியூபில் வெளியிடப்பட்டது. சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் இம்முயற்சியில் முக்கிய பங்காற்றினார்.

சொற்பொருள்

புறம்போக்கு என்பது வருவாய்த் துறைப் பதிவேடுகளில் வழங்கும் ஒரு சொல். தனியாருக்குப் பட்டா வழங்கப்படாத, தீர்வை விதிக்கப்படாத, பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை இது குறிக்கும். ஏரி, ஆறு, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, கடற்கரை ஆகியன இவ்வகையில் அடங்கும். வரி வருவாய் தராத நிலம் பயனற்ற நிலம் என்னும் எண்ணம் பரவியபோது சொல்லின் பொருளும் தாழ்ந்தது. இன்று பேச்சு வழக்கில், குறிப்பாகச் சென்னையில், அது ஒரு வசைச்சொல்லாக உள்ளது. இப்பாடல் அச்சொல்லின் பழைய பொருளை மீட்க முயல்கிறது. இறுதிப் பகுதியில், வசையாக வழங்கும் அச்சொல்லே மனிதருக்கு உரிய அடையாளமாக முன்வைக்கப்படுகிறது.

பின்னணி

திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே பாயும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் இங்கு கழிமுகத்துடன் இணைகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் வளர்ப்பிடம். சுற்றியுள்ள குப்பங்களின் வாழ்வாதாரம்.

மணலி முதல் கும்மிடிப்பூண்டி வரை சென்னையின் வடபுறத்தில் தொழிற்சாலைகள் பெருகின. கழிமுகத்தை ஒட்டி 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001 இல் எண்ணூர் துறைமுகம் (இன்றைய காமராசர் துறைமுகம்) திறக்கப்பட்டது. பின்னர் வல்லூர் அனல்மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அமைந்தன.

நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பல் நீருடன் கலக்கப்பட்டுக் குழாய்கள் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்பப்படுகிறது. குழாய்களில் கசிவு ஏற்படும்போது சாம்பல் கழிமுகத்தில் படிகிறது. இதனால் நீரின் ஆழம் குறைகிறது, மீன்வளம் நலிகிறது, வெள்ள நீரைக் கடலுக்குக் கடத்தும் திறனும் குறைகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இக்கடைசிக் கூறு சென்னையில் பரவலாகப் பேசப்பட்டது.

இசையும் மொழியும்

பாடல் இராகமாலிகையாக, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட இராகங்களின் தொடராக அமைந்துள்ளது. ஆனந்தபைரவி, பேகடா, சிந்துபைரவி முதலிய இராகங்கள் இடம்பெறுகின்றன. கருநாடக இசை மேடைகளில் பெரும்பாலும் தெலுங்கு, வடமொழி, செந்தமிழ் பக்திப் பாடல்களே பாடப்படுகின்றன. அதே இசை மரபின் இலக்கணத்துக்குள் சென்னைப் பேச்சுத் தமிழும் நில உரிமையும் கொண்டுவரப்பட்டது இப்பாடலின் தனித்தன்மை ஆகும். நிகழ்படத்தில் கிருஷ்ணா கச்சேரி அரங்கில் அல்லாது, எண்ணூர் பகுதியின் திறந்த வெளியில் அமர்ந்து பாடுகிறார். ஓரிடத்தில் அவர் மூச்சு முகமூடி அணிந்து தோன்றுகிறார்.

பாடலாசிரியர்

கபேர் வாசுகி திரைத்துறைக்கு வெளியே தமிழில் தனிப்பாடல்கள் எழுதிப் பாடி அறியப்பட்டவர். அழகு புரட்சி அவருடைய இசைத்தொகுப்புகளுள் ஒன்று. இசைக்கலைஞர் டென்மாவுடன் இணைந்து குரங்கன் என்னும் இசைக்குழுவில் பங்காற்றினார். டென்மா பின்னர் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் முதன்மைப் பங்கு வகித்தார். 2018 இல் மேடையேறிய அக்குழு, கானா உள்ளிட்ட சென்னையின் இசை வடிவங்களைச் சமூகப் பாடல்களுக்குப் பயன்படுத்தியது.

பிந்தைய நிகழ்வுகள்

2022 இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எண்ணூர் சாம்பல் மாசு வழக்கில் ஈரநிலத்தைச் சீரமைக்க ஆணையிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகுகள், வலைகள், அலையாத்தி மரங்கள் ஆகியவற்றில் எண்ணெய் படிந்தது. மீனவர்கள் தொழிலுக்குச் செல்ல இயலாத நிலை ஏற்பட்டது.