மாதங்கியை யார் கேட்டார்கள்?

பாடகி எம்.ஐ.ஏ. என்றால் வெள்ளவத்தையில் தெரியாதவர் குறைவு. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் வெடிச்சத்தத்துக்குக் கையை உயர்த்தி ஆடிய பிள்ளைகளுக்கு இப்போது கலியாணமாகிக் குழந்தைகளும் பிறந்துவிட்டன. ஆனால் அவருடைய நான்காவது அல்பமான 'மாதங்கி'யை முதற்பாட்டிலிருந்து கடைசிப்பாட்டுவரை கேட்ட ஒருவரைக் காலி வீதியில் தேடிப் பிடிப்பது கடினம். 2013 நவம்பர் முதல் வாரத்தில் அது வெளிவந்தபோது கொழும்பு வேறு அவசரத்தில் இருந்தது. அடுத்த வாரம் பொதுநலவாய மாநாடு. வீதிகளும் நடைபாதைகளும் விருந்தினருக்காகத் தயாராகிக்கொண்டிருந்தன.

வெளிநாட்டிலும் பெரிய வரவேற்பு இல்லை. அமெரிக்கப் பட்டியலில் 23ஆம் இடம், பிரித்தானியாவில் 64ஆம் இடம். முந்தைய அல்பமான 'மாயா' 2010இல் அமெரிக்காவில் 9ஆம் இடத்தைத் தொட்டிருந்தது. விமர்சகர்கள் 'மாதங்கி'க்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அல்பத்துக்குப் போய்விட்டார்கள். அவர் செய்தவற்றிலேயே அதிக வீறு கொண்டது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அவரைப் 'பொப்' பாடகி என்று வகுத்துவிட்டதிலிருந்தே தவறு தொடங்குகிறது. அவருடைய வேர் பங்க் இசையில் இருக்கிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' மெட்டின் அடித்தளம், லண்டன் பங்க் குழுவான 'த கிளாஷ்' 1982இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டு. 'போர்ன் ஃப்ரீ' நின்று அதிர்வது நியூயோர்க்கின் 'சூசைட்' என்ற இருவர் குழு 1977இல் தந்த 'கோஸ்ட் ரைடர்' மேல். எந்த வாத்தியமும் முறையாகப் பயிலாத, சினிமா படித்த அவர், இசைக்குழு ஒன்றின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில் ரோலண்ட் எம்.சி.505 என்ற மின்னணுத் தாளப்பெட்டியைக் கண்டு, அதை வைத்துத் தன் படுக்கையறையில் பாட்டுக் கட்டத் தொடங்கினார். பயிற்சி போதாது, குரல் போதாது, பணம் போதாது என்று காத்திருக்காமல் கையில் கிடைத்ததை வைத்துச் சத்தம் எழுப்புவதுதான் பங்க். எண்பதுகளின் தொடக்கத்தில் வாஷிங்டனிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் ஹார்ட்கோர் குழுக்கள் அதே வேகத்தை இரட்டிப்பாக்கின. அவற்றில் முன்னோடியான 'பேட் பிரெய்ன்ஸ்' கறுப்பின இளைஞர்களின் குழு என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஒதுக்கப்பட்டவர்களின் வேகம் அது.

'மாதங்கி'யில் அந்த வேகம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. தலைப்புப் பாட்டு தொடங்கியதும் தோற்கருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, அதற்குள் நாடுகளின் பெயர்களை அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மூச்சு விட இடமில்லை. 'பிரிங் த நொய்ஸ்' பாட்டில் சொற்களைத் தாளத்தின் குறுக்கே வெட்டி வெட்டி எறிகிறார். நம் தவில்காரர் தனியாவர்த்தனத்தில் கணக்கை இறுக்கிக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே இராது. 'கம் வோக் வித் மீ' ஒரு தாலாட்டைப் போல மெல்ல நடந்து வந்து, திடீரென்று வெடிக்கிறது. கணினியில் ஒலியைக் கூட்டும்போது வரும் சிறு சத்தம்கூட அதில் தாளமாகிறது. 'யாலா' மறுபிறப்பைப் பற்றியது. வாழ்க்கை ஒருமுறைதான் என்று உலகம் முழுக்க இளைஞர்கள் சொல்லித் திரிந்த நாளில், திரும்பத் திரும்பப் பிறப்போம் என்று பதில் சொன்னது அது. மொரோக்கோவில் இரண்டு சக்கரத்தில் கார் ஓட்டும் காணொளியால் புகழ்பெற்ற 'பேட் கேர்ள்ஸ்' மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு பாட்டோடு இந்த அல்பத்தைக் கடந்துவிட்டோம்.

மாதங்கி அவருடைய பிறப்புப் பெயர். அந்தப் பெயரை இணையத்தில் தேடப்போய்த்தான் அதே பெயருள்ள தெய்வத்தைக் கண்டடைந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நம் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை: பச்சை நிறத்தாள், கையில் வீணை, தோளில் கிளி. மதுரை மீனாட்சியை ராஜமாதங்கியாக வழிபடுவோர் உண்டு. பிற தெய்வங்களுக்கு ஆகாத எச்சிலே இவளுக்குப் படையல் என்று தந்திர நூல்கள் சொல்கின்றன. வாக்குக்கும் இசைக்கும் உரியவள், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவள். இந்த அல்பம் கட்டப்பட்ட விதமும் அப்படித்தான் இருக்கிறது. யாரோ பாடி வீசிய துண்டு, இயந்திரத்தின் இரைச்சல், தெருப்பேச்சு, மேளம் எல்லாம் ஒரே இலையில் வந்து விழுகின்றன. சங்கீத சபாக்கள் சரஸ்வதியை மேடையில் வைத்துவிட்டு மாதங்கியை மறந்த காலத்தில், லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்த ஒரு பெண் அவளைத் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்.

மேளம் அவருக்குப் புதிதல்ல. இரண்டாவது அல்பமான 'காலா'வுக்காகச் சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தவர் அவர். அந்த அல்பத்துக்குத் தாயின் பெயர். முதல் அல்பத்துக்குத் தந்தை அருளரின் பெயர். 1977இல் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலை 'லங்கா ராணி' என்ற நாவலாக எழுதிய அதே அருளர். கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகம் எத்தனை தூரம்? தந்தை எழுத்தில் இறக்கிவைத்ததை மகள் தாளத்தில் தொடர்ந்தார் என்றே எனக்குப் படுகிறது.

அவர் லண்டன்காரி, பாடுவது ஆங்கிலத்தில், வார்த்தைகளில் கட்டுப்பாடில்லை, அண்மைக் காலத்தில் அவர் சொல்லும் கருத்துகள் உவப்பானவை அல்ல என்பார்கள். இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. இப்படியொரு அல்பம் கொழும்பிலிருந்து ஏன் வரவில்லை?

வந்திருக்கக் கூடிய ஊர்தான் இது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிற்றாரைத் தூக்கியபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பைலாத் தாளத்தில் சின்ன மாமியையும் கள்ளுக்கடையையும் பாட்டாக்கினார்கள். சினிமாவின் தயவு இல்லாமல் வானொலி வழியே அந்தப் பாட்டுகள் வீடு வீடாகப் போயின. மனோகரன் பாடிய சுராங்கனி கடல் கடந்து தமிழகச் சினிமாவுக்குள்ளேயே நுழைந்தாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், பிள்ளைகள் பாடினார்கள். நம்முடைய பங்க் அதுதான் என்று நான் சொல்லுவேன். பிறகு எண்பத்துமூன்று ஜூலைக் கலவரம். கிற்றார்காரர்கள் மெல்பேர்னுக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இன்று கொழும்புத் தமிழ் மேடையில் ஏறும் குழுக்களைக் கேளுங்கள். வாசிப்பவர்களுக்குத் திறமை குறைவில்லை. ஆனால் கலியாண மண்டபம், பிறந்தநாள், பாடசாலைப் பழைய மாணவர் இரவு, எங்கே போனாலும் கேட்பது சினிமாப் பாட்டு. அதே பாட்டை அதே மாதிரி வாசித்தால் கைதட்டு. சொந்தப் பாட்டு ஒன்றைத் தொடங்கினால் ஆட்கள் எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுகிறார்கள். பிறகு எந்தப் பிள்ளை சொந்தமாக எழுதும்?

எழுத நினைத்தாலும் பழக இடமில்லை. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் ட்ரம்ஸை விரித்தால் பத்தாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அவர்களிலும் பிழையில்லை, சுவர் அவ்வளவு மெல்லியது. கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க இருபது வயதுப் பிள்ளையால் இயலாது. பாடசாலை முடிந்தால் ரியூஷன், ரியூஷன் முடிந்தால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் விமான நிலையம். சிங்கள, ஆங்கில றொக் குழுக்கள் இதே நகரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகச் சொந்தப் பாட்டுகளை இசைத்து வருகின்றன. 'ஸ்டிக்மாட்டா' போன்ற மெற்றல் குழு பாடசாலை நண்பர்களாகத் தொடங்கி அல்பம் அல்பமாக வளர்ந்தது இங்கேதான். தமிழில் சத்தம் போட விரும்பும் பிள்ளைக்கு மட்டும் இந்த நகரம் கதவைப் பாதிதான் திறக்கிறது.

ஆடிவேல் நாளில் காலி வீதியில் தவிலும் நாதஸ்வரமும் காவடியும் வரும்போது ஒருவரும் காதைப் பொத்துவதில்லை. அந்த உரம் நம் உடம்பில் இருக்கிறது. வருடத்தில் ஒருநாள் வெளியே விட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் அதைப் பூட்டி வைக்கிறோம். பறை அடிப்பவரை மரண வீட்டுக்கு மட்டும் கூப்பிடும் பழக்கமும் முழுதாகப் போகவில்லை. அந்தப் பறைக்கும் ஒரு மின்கிற்றாருக்கும் இடையில் எத்தனை பாட்டுகள் பிறக்காமல் கிடக்கின்றன என்று நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

'மாதங்கி'க்குப் பிறகு எம்.ஐ.ஏ. 2016இல் 'எய்ம்', 2022இல் 'மாதா' என்று மேலும் இரண்டு அல்பங்களைத் தந்துவிட்டார். அவற்றையும் நாம் கேட்கவில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மண்டபம் வைத்திருக்கும் சபைகளிடமும் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு மாலை, வாடகை இல்லாமல், சினிமாப் பாட்டு இல்லாமல், சொந்தப் பாட்டு உள்ள பிள்ளைகளுக்கு உங்கள் மேடையைத் திறந்துவிடுங்கள். நாங்கள் வந்து முன்வரிசையில் இருந்து கேட்கிறோம்.