ஓட்டம் எங்கே அறுந்தது?

சலவை இயந்திரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, துணியோ அசையவில்லை. “பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம்” என்பதுதான் பல வீடுகளில் உடனே எழும் பேச்சு. அதற்குமுன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஓட்டம் எங்கே அறுந்தது?

அதைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதில், துணியை இரு உருளைகளுக்கிடையே விட்டுப் பிழியும் அந்தக் கால இயந்திரமே நல்ல ஆசான்.

கையிலிருந்து உருளைக்கு

சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி துவைத்த இடம் என்பதால் வந்த பெயர் டோபி காட். அவர்கள் கையால் செய்த வேலையை அமெரிக்க வீடுகளில் இயந்திரம் ஏற்றது. அங்குள்ள மேடேக் நிறுவனம் 1907ல் சலவை இயந்திரத் தயாரிப்பைத் தொடங்கியது. உருளை வகையை 1983 வரை தயாரித்தது.

அதன் அமைப்பு எளிது. தொட்டிக்கு அடியில் உள்ள மோட்டாரின் சுழற்சியை பெல்ட் ஒன்று கியர் பெட்டிக்குக் கொண்டு செல்கிறது. கியர் பெட்டி அதை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றித் தொட்டிக்குள் இருக்கும் துடுப்பை ஆட்டுகிறது. மேலே செல்லும் தண்டு ஒன்று உருளைகளைச் சுழற்றுகிறது.

மோட்டார் ஓடியும் துடுப்பு, உருளை இரண்டும் நின்றிருந்தால், முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். உருளை சுழன்று துடுப்பு மட்டும் நின்றால், பெல்ட்மீது பழியில்லை. துடுப்பை ஆட்டும் பகுதியில்தான் கோளாறு. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்ததென்றால் கியர் பெட்டியில் கிரீஸ் இறுகியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் பற்கள் தேயும்.

அமெரிக்காவிலிருந்து தருவித்ததா? நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகக்கூடாது.

நம் வீட்டிலும்

இன்றைய முன்திறப்பு இயந்திரங்கள் பலவற்றிலும் பெல்ட் உண்டு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்தொட்டியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் லேசாகச் சுழன்றால் பெல்ட் கழன்றோ அறுந்தோ இருக்கலாம். மோட்டாரே நேரடியாகத் தொட்டியைச் சுழற்றும் வகைகளுக்கு இது பொருந்தாது. மூடியைக் கழற்றும் வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2014ல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’, மின்விசிறி போன்ற கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களை நாமே சரிசெய்யக் கற்றுத்தருகிறது. சலவை இயந்திரத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. அங்கு பழகும் ‘எது கெட்டது?’ என்ற கேள்வியை வீட்டுக்கு எடுத்து வரலாம்.

சரிசெய்யவே முடியாதென்றால், மின்கழிவுத் திட்டம் ஜூலை 2021 முதல் நடப்பில் உள்ளது. புதியதைக் கொண்டுவந்து தரும்போது பழையதை இலவசமாக எடுத்துச் செல்லும்படி கடையிடம் கேளுங்கள்.

அடுத்த முறை பழுதுபார்க்க வருபவர் “மாற்றிவிடுங்கள்” என்றால், எந்தப் பாகம் கெட்டது, அதன் விலை என்ன என்று கேளுங்கள். பதில் ஒரு பெல்ட்டாகவும் இருக்கலாம்.