விக்கிப்பீடியாவை எவ்வளவு நம்பலாம்? ராயபுரம் ரயில் நிலையத்தின் இரண்டு தேதிகள் சொல்லும் பாடம்

சென்னை கல்மண்டபத்தில் நின்றபடி, அதே ராயபுரத்தில் இருக்கும் பழைய ரயில் நிலையம் எப்போது திறக்கப்பட்டது என்று செல்போனில் தேடிப் பாருங்கள். ஓர் இடத்தில் 1856 ஜூன் 28 என்று இருக்கும். இன்னோர் இடத்தில் 1856 ஜூலை 1. "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று ஒருவர் எழுதியிருப்பார். "தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்பார் இன்னொருவர்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் இதில் எதை எழுதுவது? இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பலரும் முதலில் போய் நிற்கும் இடம் விக்கிப்பீடியா. அதில் இருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

விக்கிப்பீடியா எப்படி வந்தது?

2001 ஜனவரி 15-ம் தேதி ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் இதைத் தொடங்கினார்கள். அதற்கு முன் அவர்கள் நடத்திய நியூபீடியாவில் நிபுணர்கள் சரிபார்த்த பிறகே கட்டுரை வெளியாகும். அதனால் கட்டுரைகள் ஆமை வேகத்தில்தான் வந்தன. 'யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்' என்று கதவைத் திறந்ததும் நிலைமை தலைகீழானது. 2020 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா 60 லட்சம் கட்டுரைகளைக் கடந்தது.

தமிழில் எப்படி வளர்ந்தது?

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதன் பக்கங்களைத் தமிழில் வடிவமைத்து, கட்டுரைகளும் எழுதினார். இந்தப் பணிக்காக 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதை கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது.

2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசுடன் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடந்தது. 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகள். இன்று ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் 10 தொகுதிகள். முதல் தொகுதி 1954-ல் வந்தது, கடைசித் தொகுதி 1968-ல். ஆனால் அதில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் குழு இருந்தது. விக்கிப்பீடியாவில் அந்தப் பொறுப்பு எல்லோருக்கும் உரியது.

எண்ணிக்கை கூடினால் போதுமா?

போதாது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் பணம் கொடுத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு மொழிபெயர்க்க வைத்தது. கட்டுரைகள் மளமளவென்று குவிந்தன. ஆனால் நடை இயந்திரத்தனமாக இருக்கிறது, தமிழ் வாசகர்களுக்குத் தேவையான தலைப்புகள் குறைவு என்று தன்னார்வலர்களே குறை சொன்னார்கள். மொழிபெயர்த்துப் போட்டவர்கள் போய்விட, திருத்தும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது.

ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் இதைவிட மோசம். அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதித் தள்ளியது 2020-ல்தான் வெளியே தெரிந்தது. சரிபார்க்க ஆள் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் யாரும் தடுக்கவில்லை.

யார் வேணும்னாலும் எழுதலாம்னா தப்பு வராதா?

வரும். ஆனால் நிபுணர்கள் எழுதுவதிலும் தவறு வரும். 2005-ல் 'நேச்சர்' அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிகாவையும் ஒப்பிட்டது. சராசரியாக ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் சுமார் 4 பிழைகள், பிரிட்டானிகாவில் சுமார் 3. ஆய்வு நடந்த முறையே சரியில்லை என்று பிரிட்டானிகா மறுத்தது.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மின்சார டோஸ்டரைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி 2012-ல் விளையாட்டாக எழுதப்பட்ட பொய்க் கட்டுரை, 10 ஆண்டுகள் ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே இருந்தது. அதைப் பார்த்துப் பத்திரிகைகளும் புத்தகங்களும் எழுதின. பிறகு அவையே அந்தக் கட்டுரைக்கு ஆதாரம் போலத் தோன்றின. கடைசியில் 2022-ல், படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு பள்ளி மாணவரால்தான் குட்டு உடைந்தது.

அப்போ ராயபுரத்தில் எது சரி?

இரண்டு தேதியும் சரிதான். மெட்ராஸ் ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தது ஜூன் 28. வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது ஜூலை 1.

'இந்தியாவின் முதல்' என்பதுதான் தவறு. பம்பாய் போரிபந்தரில் இருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16-ம் தேதியே பயணிகள் ரயில் ஓடிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நிலையங்களின் பழைய கட்டடங்கள் இன்று இல்லை. அதனால்தான் இந்தியாவில் 'எஞ்சியிருக்கும்' ரயில் நிலையங்களில் பழமையானது என்று ராயபுரத்தைச் சொல்கிறார்கள். 'எஞ்சியிருக்கும்' என்ற ஒரு சொல் விடுபட்டால் போதும், சரியான தகவல் தவறாகிவிடும்.

படிப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

* கட்டுரையின் கீழே இருக்கும் மேற்கோள்கள். ஒரு தகவலுக்குச் சான்று இருக்கிறதா, அந்த இணைப்பைத் திறந்தால் அதே தகவல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். 'சான்று தேவை' என்று குறிப்பு இருந்தால் உஷாராக இருங்கள்.
* வரலாறு பக்கம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது முழுவதும் அங்கே பதிவாகியிருக்கும். நேற்று இரவு திடீரென்று மாறிய தகவல் என்றால் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது.
* உரையாடல் பக்கம். சர்ச்சைக்குரிய தலைப்பு என்றால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.
* அந்தச் சான்றே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்பட்டதா? பல தளங்களில் ஒரே வாக்கியம் அச்சு அசலாக இருந்தால், அவை தனித்தனி ஆதாரங்கள் அல்ல.

விக்கிப்பீடியாவைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னையே ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது விக்கிப்பீடியாவின் சொந்த விதி.

தமிழுக்கு இது ஏன் முக்கியம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 6.9 கோடி பேர். தமிழ் விக்கிப்பீடியாவில் மாதாமாதம் எழுதித் திருத்துபவர்களோ சில நூறு பேர்தான். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் விக்கிப்பீடியாவைப் படித்தே பழகுகின்றன. இங்கே விழும் ஒரு தவறு அங்கேயும் பதிலாக வரும்.

ஆங்கிலக் கட்டுரையில் தவறு வந்தால் கவனிக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பற்றிய தமிழ்க் கட்டுரையில் தவறு வந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். தொகு என்ற பொத்தான் அவர்கள் கையில் இருக்கும் செல்போனிலும் இருக்கிறது. சான்றோடு திருத்தினால் போதும்.