உங்களுக்குத் தெரியுமா? – "ஆயம்மா, இதுல மாசி இருக்கா?"

அம்மா கொழுந்து மலையில், அப்பா கொழும்பில். மஸ்கெலியாத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு போடும் கைகள் பல: அம்மாயி, பிள்ளை மடுவத்து ஆயம்மா, அடுத்த காம்பராச் சித்தி. உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இத்தனை கைகளுக்கும் நடுவே கூடவே இருக்கும் காவல், அதன் சொந்த வாய்தான். அதைப் பழக்குவது எப்படி?

● 4, 5 வயதுப் பிள்ளைக்கு மூன்று பேச்சு போதும். "இதுல என்ன இருக்கு?", "வேணாம், எனக்கு ஒத்துக்காது", "எனக்கு ஒரு மாதிரி இருக்கு". பிறந்தநாளுக்கு வகுப்பில் பங்கிடும் டொபியை வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் காட்டிய பிறகே வாயில் போட வேண்டும்.

● மீனே கண்ணில் படாத தட்டிலும் மீன் இருக்கும். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலில் இடித்துப் போடும் மாசி, அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த சூரை மீன். மீன் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, "மீன் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இல்ல" என்றே பதில் வரும். மாசி, கருவாடு, நெத்தலி என்று பெயர் சொல்லிக் கேட்கப் பழக்குங்கள்.

● மீன் சாப்பிட்டதும் வீட்டில் எல்லோருக்கும் முகம் சிவந்து தலை வலித்தால், அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. கடற்கரையிலிருந்து மலையேறும் சூரை, கெலவல்லா போன்ற மீன்கள் ஐஸ் போதாமல் கெடும்போது ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஒரே சட்டியில் தின்றவர்களில் ஒரு பிள்ளைக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் தடித்தால்தான் ஒவ்வாமைச் சந்தேகம் வலுக்கும்.

● 1973 முதல் இலங்கைத் தாய்மாரும் பிள்ளைகளும் அறிந்த திரிபோஷவில் சோளத்தோடு சோயாவும் பால்மாவும் உண்டு. பாலோ சோயாவோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால், வாங்கும்போதே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிட வேண்டும்.

● தேங்காய்க்கும் ஒவ்வாமை உண்டு. உலகில் அபூர்வமான இதை, கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தார் இலங்கைப் பிள்ளைகளிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். பால் சொதியும் பால் சோறும் உள்ள வீட்டில் இதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

● சின்னப் பிள்ளைக்கு "மூச்சு முட்டுது" என்று சொல்ல வராது. "நாக்கு எரியுது", "தொண்டையில முடி மாட்டிக்கிச்சு", "வாய்க்குள்ள எறும்பு ஊருது" என்று சொல்லும். இல்லையென்றால் நாக்கைச் சொறியும், குரல் கம்மும். "சும்மா சாக்கு சொல்லுது" என்று அதட்டினால், அடுத்த முறை வாயே திறக்காது.

● ஒவ்வாமைக்குப் பயந்து நிலக்கடலையை (கச்சானை) ஒளித்துவைப்பதே அதை வளர்க்கலாம்! லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குள்ளேயே கடலை உணவு பழகியவர்களிடம் கடலை ஒவ்வாமை சுமார் 80 வீதம் குறைந்திருந்தது. ஆனால் முழுக்கடலை புரையேறும்; அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு டொக்டரைக் கேட்ட பிறகே.

● அரிப்புக்குக் கொடுக்கும் பாணி மருந்து அரிப்பைத்தான் அடக்கும். மூச்சுத் திணறலை நிறுத்தாது. அதற்கு மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. வெளிநாட்டுப் பிள்ளைகள் பையில் கொண்டுபோகும் பேனா ஊசி நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. ஆகவே உதடு வீங்கி, மூச்சு இழுத்து, வாந்தியும் மயக்கமுமாக வந்தால், காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மேல் டிவிசனில் இருப்பவர்கள் தோட்ட வாகனத்தையும் அதே நேரம் தேடட்டும்.

● அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பி நடக்கவிடக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென விழும். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மடியில் சாய்த்து உட்காரவைக்கலாம். தடிப்பு அடங்கினாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்பதால், மஸ்கெலியாவிலோ கிளங்கனிலோ வைத்தியசாலையில் தங்கச் சொன்னால் தங்கத்தான் வேண்டும்.

● பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். கடலை, மீன், இறால் பெரும்பாலும் விடாது. போய்விட்டதா என்று வீட்டில் ஊட்டிப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனை டொக்டர் முன்னால்தான். "இன்னும் எனக்கு ஒத்துக்காதா?" என்று பிள்ளையே அவரிடம் கேட்கட்டும்.