கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது ஏன்?

தாமிரபரணியின் கடைமடையை அடுத்த திருச்செந்தூர், உடன்குடி வட்டாரங்களில் கிணறுகள் பல உப்பாகியுள்ளன. மழைக் குறைவோடு, ஊறும் அளவுக்கு மேல் இறைப்பதும் இதற்குக் காரணமாகும்.

நன்னீர், கடல் நீரைவிட எடை குறைந்தது. நிலத்தடியில் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். அந்த 1 அடி குறைந்தால் நாளடைவில் உப்பு நீர் 40 அடி மேலேறும். ஆகவே கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப் போவதாகும்.

களிமண் அடுக்குள்ள இடங்களில் அதிக இறைப்பால் நிலமே அமுங்கும். டோக்கியோவில் சில பகுதிகள் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தன. இறைப்பைக் கட்டுப்படுத்திய பின்னரே தாழ்வு நின்றது. நிலம் பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை.

தடுப்பு முறைகள்:

1. ஸ்ரீவைகுண்டம் தென்கால் பாயும் கடம்பாகுளம் போன்ற குளங்களையும் வரத்துக் கால்களையும் தூர் வாரி நீர் தேக்க வேண்டும்.

2. தொடர்ந்து இறைக்காமல், இடைவெளி விட்டு இறைக்கவும். சொட்டு நீர்ப் பாசனம் நல்லது.

3. ஆண்டுதோறும் கோடையில் பாசன நீரைப் பரிசோதிக்கவும். உப்பு கூடினால் வாழையைத் தவிர்க்கவும். தென்னை ஓரளவு தாங்கும்.

உப்பேறிய கிணறு தெளியப் பல ஆண்டுகள் ஆகும். வருமுன் காப்பதே சிக்கனம்.