காவல் நாய்க்கு முதலுதவி

கண்டி மாவட்டத்தில் வயற்கரைகளையும் மரக்கறித் தோட்டங்களையும் இரவிற் காப்பது பெரும்பாலும் நாயே. உடுதும்பறை, மாரசனை போன்ற இடங்களிற் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பயிரில் இறங்கும் வேளையில், கமக்காரருக்கு முன்னரே அவற்றை எதிர்கொள்வதும், அதனாற் காயமடைவதும் அதுவே. காயமுற்ற நாயை மிருக வைத்தியரிடம் சேர்ப்பதற்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம். அவ்விடைவேளையிற் செய்யத்தக்கவை சில, செய்யத்தகாதவை பல. எதனைச் செய்வதாயினும் முதலுதவி அளிப்பவர் முதலிற் காத்துக்கொள்ள வேண்டியது தமது கையையே ஆகும்.

எலும்பு சிக்கியது போன்ற தோற்றம்

நாயின் கீழ்த்தாடை தொங்குகின்றது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிகின்றது. உணவை விழுங்க இயலவில்லை. குரைப்பொலியும் கம்மி மாறியுள்ளது. தொண்டையில் எலும்போ சிரட்டைத் துண்டோ சிக்கிவிட்டதென எண்ணி, வீட்டார் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவுவர். தம் வீட்டு நாய் தம்மைக் கடியாது என்னும் துணிவும் அவர்களுக்கு உண்டு. இதனிலும் ஆபத்தான செயல் வேறில்லை.

நீர்வெறுப்பு நோய் என்றவுடன், வெறிகொண்டு ஓடிக் கண்டாரைக் கடிக்கும் நாயே பலரின் நினைவுக்கு வரும். ஆனால் அந்நோய்க்கு அமைதியான வடிவமும் உண்டு. அதிலே நாய் கடிக்க முனையாது. இருளான மூலையிற் படுத்திருக்கும். தாடையும் தொண்டையும் செயலிழப்பதனால் எச்சில் வெளியே வடிகின்றது. அவ்வெச்சிலில் நோய் வைரசு நிறைந்திருக்கும். அது உடலினுட் புகுவதற்குக் கடி வேண்டியதில்லை. களை பிடுங்கிய விரலிலுள்ள சிறு கீறலும் போதும்.

மெய்யாகவே எலும்பு சிக்கிய நாய் உண்டுகொண்டிருக்கையில் திடீரெனப் பதறும். முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டும். நீர்வெறுப்பு நோயோ பெரும்பாலும் ஓரிரு நாட்களாகக் குணம் மாறிய பின்னரே இந்நிலைக்கு வரும். எனினும் இவ்வேறுபாடு எப்போதும் தெளிவாகத் தோன்றும் எனக் கொள்ளலாகாது. கடந்த ஓராண்டினுள் தடுப்பூசி பெறாத நாயாயின், அல்லது நாய் உண்டதை எவரும் காணாவிடின், வாயைத் தொடாது அதனை ஓர் அறையில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

எச்சில் பட்டுவிட்டாலோ, நாய் கடித்துவிட்டாலோ, அவ்விடத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவுதல் வேண்டும். பதினைந்து நிமிடங்கள் என்பது மிகையன்று. கடிகாரத்தைப் பார்த்தே கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் ஆகிய எவற்றையும் அப்புதல் கூடாது. கழுவியவுடன் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தடுப்பூசி அங்கு இலவசமாக வழங்கப்படும். கடித்த நாய் உயிரோடிருந்தால், அதனைப் பாதுகாப்பாக அடைத்து 14 நாட்கள் கவனித்தல் வேண்டும். ஆனால் அதன் முடிவைக் கண்ட பின்னர் வைத்தியசாலைக்குச் செல்வோம் எனக் காத்திருத்தல் ஆகாது. நாய் இறந்தால், புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். மனிதருக்கு நோய்க்குறி தோன்றியபின் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைக் கொண்டுபோகும். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இதனால் மாண்டனர். இக்காலத்தில் ஆண்டொன்றுக்கு மாள்வோர் தொகை அதனிலும் மிகக் குறைந்திருப்பதற்கு நாய்களுக்கு இடும் தடுப்பூசியும் கடியுண்டோருக்கு இடும் தடுப்பூசியுமே பெருங் காரணங்களாகும்.

வாய்க்கட்டு

நோவுற்ற நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். அது அதன் குற்றமன்று. மூன்று அடி நீளமான துணிப்பட்டையில் ஒரு சுருக்கு இட்டு, மூக்கின் மேலாக மாட்டி, தாடையின்கீழ் ஒருமுறை முடிந்து, காதுகளின் பின்னாற் கட்டுக. சேலைக் கிழிசல் இதற்கு மிக ஏற்றது. வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், தாடை உடைந்த நாய்க்கும் வாய்க்கட்டு இடலாகாது. அவற்றின் தலையைத் தடித்த சாக்கினாற் சுற்றிப் பிடித்தல் நலம்.

காயங்கள்

பன்றியின் கொம்பு கிழித்த காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். குருதி பெருகினால், சுத்தமான துணியை வைத்துக் கையால் அழுத்துக. ஐந்து நிமிடங்கள் வரை துணியை எடுத்துப் பார்க்கலாகாது. எடுத்தால் உறைந்த குருதி மீண்டும் பெயரும். துணி நனைந்துவிடின் அதன்மேல் இன்னொன்றை வைக்க வேண்டும். ஈறு வெளுத்திருப்பின், அல்லது விரலால் அழுத்தி விட்டபின் இரண்டு வினாடிகளுள் அதன் நிறம் திரும்பாவிடின், நாய் பெருமளவு குருதி இழந்ததென அறிந்து விரைதல் வேண்டும். குடல் வெளியே வந்திருந்தால் அதனை உள்ளே தள்ள முயல வேண்டாம். அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, அதில் நனைத்த துணியால் மூடிக் கட்டுக.

முள்ளம்பன்றியின் முட்களுள் காலிலோ தோளிலோ மேலாகத் தைத்தவற்றைக் குறட்டினால் தோலருகே பற்றி நேராக இழுக்கலாம். வாய், கண், மார்பு ஆகியவற்றில் தைத்தவை வைத்தியருக்குரியவை. காலிலோ கழுத்திலோ சுருக்குக் கம்பி இறுகியிருப்பின் கம்பியை வெட்டிவிடுக. ஆனால் காயம் சிறிதாகத் தோன்றினும் நாயை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நசுங்கிய தசை சில நாட்களின் பின்னரே அழுகத் தொடங்கும். பன்றிக்கென வைக்கும் வெடியிரையைக் கடித்துத் தாடை சிதைந்த நாய்க்கு வீட்டிற் செய்யக்கூடியது மிகச் சிறிது. அவ்விரை வைப்பது சட்டவிரோதம் என்பதும் இங்கு கூறத்தக்கது.

புழுத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது தசையை எரிப்பதுடன், நாய் நக்குகையில் வயிற்றினுட் சென்று கெடுதியும் செய்யும்.

பாம்புக்கடி

கண்டிப் பகுதியில் சருகுக் குவியலினடியிலும் கூட்டெருக் குழியோரத்திலும் மூக்கு நுனி உயர்ந்த சிறு விரியன் பதுங்கியிருக்கும். மோப்பம் பிடிக்கும் நாயை அது முகத்திலேயே கடிக்கின்றது. முகம் விரைவில் வீங்கும். அதற்கு ஏற்ற நஞ்சுமுறி மருந்து இலங்கை வைத்தியசாலைகளில் வழங்கும் இந்திய மருந்துள் அடங்கியதன்று. நாகத்தின் கடிக்கும் கண்ணாடிவிரியனின் கடிக்கும் அம்மருந்து உண்டு. எப்பாம்பாயினும் கடிவாயை வெட்டுதலும், உறிஞ்சுதலும், கயிற்றினால் இறுக்குதலும் தவறு. கழுத்துப்பட்டியைக் கழற்றி, நாயை நடக்கவிடாது தூக்கிச் செல்லுதலே முதலுதவி.

நஞ்சுண்டல்

பூச்சிநாசினி தெளித்த கத்தரிப் பாத்தியில் உலாவிய நாய், எச்சில் ஒழுகி, தசை துடித்து, கண்மணி சுருங்கித் தள்ளாடுமாயின், நஞ்சு தோலின் வழியாகவோ வாயின் வழியாகவோ ஏறியதென ஐயுறலாம். கையுறை அணிந்து, சவர்க்காரமும் நிறைய நீரும் கொண்டு உடலை முழுவதும் கழுவுக. உப்புக்கரைசல் ஊட்டி வாந்தி எடுக்கச் செய்தல் நாயைக் கொல்லவும் கூடும். தேங்காயெண்ணெயும் பாலும் நஞ்சை முறிப்பனவல்ல. நஞ்சுகள் சில எண்ணெயிற் கரைந்து விரைவாக உடலிற் சேரும். வைத்தியருக்கு மிக உதவுவது நாசினிப் போத்தலிலுள்ள பெயர்ச்சீட்டே. ஆதலின் போத்தலைப் பையிலிட்டு உடன் எடுத்துச் செல்லுக. டைமெதோயேற்று, பென்தியன், பரகுவாற்று ஆகியவை 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் இலங்கையில் விலக்கப்பட்டன. எனினும் பழைய போத்தல்கள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் கிடத்தல் கூடும்.

எலிநஞ்சு வேறு வகையினது. குருதி உறைதலைத் தடுக்கும் நஞ்சை உண்ட நாய் இரண்டு மூன்று நாட்கள் நலமாகவே காணப்பட்டு, பின்னரே குருதி கசியத் தொடங்கும். நஞ்சை உண்டது தெரிந்த அன்றே வைத்தியரிடம் சென்றால், உயிர்ச்சத்து கே கொண்டு பெரும்பாலும் காப்பாற்றலாம். நோவைத் தணிக்கவென மனிதருக்குரிய பரசிற்றமோல் வில்லைகளை நாய்க்குக் கொடுத்தலும் நஞ்சூட்டலையே ஒக்கும்.

கொண்டு செல்லுதல்

முதுகோ காலோ முறிந்த நாயைப் பலகையிலோ, இருவர் இழுத்துப் பிடித்த சாக்கிலோ கிடத்தி முச்சக்கர வண்டியில் ஏற்றலாம். மூங்கிற் பத்தை வைத்துக் கட்ட முயல்வது நோவையே மிகுவிக்கும். அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பிரதேசந்தோறும் உள்ளன. கண்டி நகரைச் சூழ்ந்தோருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையும் அணித்தே உள்ளது. புறப்படுமுன் தொலைபேசியில் அறிவித்தால் அங்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்வர்.

காவற்குடிலில் ஒரு தகரப்பெட்டியைத் தொங்கவிட்டு, அதில் துணிப்பட்டை, சுத்தமான பழந்துணி, சவர்க்காரம், கையுறை, குறடு ஆகியவற்றை வைத்திருக்கலாம். மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தையும், நாய்க்குத் தடுப்பூசி இட்ட தேதியையும் அதன் மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவைக்க.