கொரியாவில் ஒரு டீச்சரம்மா

"கொரியாவிலே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க நம்ம ஊர்ப் பொண்ணு எதுக்குடி? வெள்ளைக்காரங்க யாரும் கிடைக்கலையா?"

பெரம்பலூரில் பக்கத்து வீட்டு அத்தை இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். தென் கொரியாவில் இங்கிலீஷ் வாத்தியார் விசா என்பது வெகுநாள் வரை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற ஏழு நாட்டுக்காரர்களுக்கே என்றிருந்தது. 2009-ல் இந்தியாவும் கொரியாவும் ஒரு பொருளாதார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2010 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. இங்கிலீஷில் பட்டமும், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆசிரியராகப் போகலாம் என்று அதில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கார் கம்பெனி, டி.வி. கம்பெனி என்று கொரியாக்காரர்கள் இங்கே வந்தது நமக்குத் தெரியும். இந்தக் கதவு பலருக்கும் தெரியாது.

அரியலூர் பக்கம் எட்டு வருஷம் பாடம் எடுத்தவள் நான். ஐந்து வயசுப் பையனை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். "ஒரு வருஷந்தானே, போயிட்டு வா. புள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்றார் அம்மா. வீட்டுக் கடன் ஒரு பக்கம். எனக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அங்கே பள்ளி வருஷம் மார்ச்சில் ஆரம்பிக்கிறது. அதனால் பிப்ரவரி கடைசியில் இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்கினேன். வெளியே வந்ததும் மூக்கு நுனி மரத்துப் போயிற்று. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியில் வளர்ந்த உடம்பு, பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிரை எங்கே கண்டது! ஆனால் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தால் தரை இதமாகச் சுடுகிறது. 'ஒண்டோல்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் கல் பாதை வழியே ஓட்டிச் சூடாக்குவார்களாம். இப்போது வெந்நீர்க் குழாய்கள். பாயை விரித்துத் தரையில் படுத்தால் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும்.

கடைத்தெருவில் ஒரு குழந்தை "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடியது. திடுக்கிட்டுத் திரும்பினேன். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான், அம்மா 'ஒம்மா'. 'வா' என்றால் வா. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-லேயே ஒரு புத்தகம் எழுதினார். இன்றைய மொழி அறிஞர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அது அவர்கள் பாடு. தனியாக வந்து இறங்கியவளுக்கு அந்த ஒரு "அப்பா" எவ்வளவு தெம்பு கொடுத்தது தெரியுமா!

வகுப்பில் முதல் நாள் பிள்ளைகள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். இங்கிலீஷ் டீச்சர் என்றால் தங்க முடியும் நீலக் கண்ணும் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. பெரியவர்களில் சிலர் முகத்திலும் அந்த ஏமாற்றம் தெரிந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் பாடம் ஆரம்பித்ததும் என் கை ஓங்கிவிட்டது. கொரிய மொழியில் 'ஃப' சத்தம் கிடையாது, 'ப'தான். ர-வுக்கும் ல-வுக்கும் சேர்த்து ஒரே எழுத்து. காபி 'கொப்பி' ஆகும். நம் கிராமத்துப் பிள்ளைகள் ஃபேனைப் 'பேன்' என்பதில்லையா? கீழுதட்டை மேல்பல்லால் லேசாகக் கடித்துக் காற்றை ஊது என்று அரியலூரில் எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேன்! அதையே இங்கேயும் செய்து காட்டினேன். இங்கிலீஷை நானும் கஷ்டப்பட்டுக் கற்றவள் என்பதால், நாக்கு எங்கே முரண்டு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் பள்ளியிலேயே. காமராஜர் போட்ட சோறு நினைவுக்கு வந்தது. மாத உணவுப் பட்டியலை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் பண்டத்தில் பால், முட்டை, நிலக்கடலை இருக்கிறது என்று ஒவ்வாமைக்கு எண்கள் போட்டிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பல் தேய்க்கப் போவதைப் பார்த்து அசந்து போனேன். நம் பள்ளிகளிலும் செய்யலாமே, செலவா ஆகிறது? ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜாக்கிரதை. கிம்ச்சி முட்டைக்கோஸ் ஊறுகாய்தானே என்று எடுத்துவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் இறால் உப்போ மீன் சாறோ சேர்ந்திருக்கும்.

பிள்ளை பெற்றவளுக்கு அங்கேயும் பத்தியம் உண்டு. மூன்று வாரம், அதாவது இருபத்தோரு நாள், காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். நாம் பூண்டுக் குழம்பு கொடுப்பது போல அவர்கள் கடற்பாசி சூப் கொடுக்கிறார்கள். பிறந்த நாளன்றும் அந்த சூப்தான். அம்மா பட்ட பாட்டை நினைக்கத்தானாம். (நம் வீட்டில் செய்து பார்க்கலாமா என்றால், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அதில் அயோடின் ஜாஸ்தி.) இவ்வளவு சீராட்டும் நாட்டில் குழந்தை பெறுவதே அருகிவிட்டது. 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை, உலகிலேயே குறைவு. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிகளை மூடுகிறார்கள். டியூஷன் முடிந்து இரவில் சோர்ந்து திரும்பும் பிள்ளைகளைப் பார்த்தால் ஒரு காரணம் புரிகிறது.

என் பிள்ளை முதல் பத்து நாள் போனுக்கே வரவில்லை. இங்கே ராத்திரி எட்டு என்றால் அரியலூரில் சாயந்திரம் நாலரை. அம்மா போனைத் திருப்பிப் பிடிப்பார்; அவன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பெட்டியைக் கட்டிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். அப்புறம் நானாக ஒன்று செய்தேன். "எப்படி இருக்கே, சாப்பிட்டியா" என்று கேட்பதை விட்டுவிட்டு, தினம் ஒரு கொரிய வார்த்தையைச் சொல்லி, "நாளைக்கு ஞாபகம் இருக்கான்னு பார்ப்போம்" என்று வைத்துவிடுவேன். மூன்றாம் நாள் தூணுக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பட்டச் சான்றிதழுக்கும் போலீஸ் நற்சான்றுக்கும் 'அப்போஸ்டில்' முத்திரை வாங்க நாளாகும், முன்கூட்டியே ஆரம்பியுங்கள். கொரிய மொழியில் உள்ள ஒப்பந்தத்துக்கு இங்கிலீஷ் பிரதி கேட்டு வாங்குங்கள். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. பெட்டியில் புளியும் சாம்பார்ப் பொடியும் போதும். நல்ல மிளகாய்த்தூளும் பூண்டும் அங்கேயே தாராளமாகக் கிடைக்கின்றன.